மாமன் மகன் கைப்பையில் செராமா முட்டை: கொண்டுவரலாமா?

பொள்ளாச்சிக்குக் கிழக்கே தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதுகிறார்: "தென்னந்தோப்புக்குள் நாட்டுக்கோழிகளும் சில அழகுக் கோழிகளும் வளர்க்கிறேன். மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் என் மாமன் மகன் அடுத்த மாதம் விமானத்தில் திருச்சிக்கு வருகிறார். அங்கே நல்ல செராமா (மிகச் சிறிய அழகுக் கோழியினம்) வைத்திருக்கும் ஒருவரிடம் இரண்டு டஜன் அடைமுட்டை வாங்கிக் கைப்பையிலேயே கொண்டுவந்துவிடுவதாகச் சொல்கிறார். 'கோழி என்றால் பிடிப்பார்கள், முட்டையை யார் கேட்கப்போகிறார்கள்' என்கிறார். அது சரியா? முறைப்படி கொண்டுவர என்ன வழி? நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்குப் போகும்போது நமக்கு இரண்டு டஜன் வருவதில் என்ன தடை? இன்னொன்று: இதற்கு முன் சென்னையில் ஒருவர் 'பாங்காக் முட்டை' என்று விற்ற 14 செராமா முட்டைகளை பஸ் பார்சலில் வரவழைத்து, அன்று மாலையே இன்குபேட்டரில் வைத்தேன். 6 முட்டைகளில் ஒன்றுமே வளரவில்லை. மூன்றில் கரு தொடக்கத்திலேயே செத்து ரத்த வளையம் மட்டும் தெரிந்தது. நான்கில் குஞ்சு முழுதாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்துவிட்டது. பொரிந்த ஒரே குஞ்சும் ஆசனவாயில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நான்காம் நாள் செத்தது. விமானத்தில் வந்தால் இன்னும் மோசமாகுமா? எப்படிப் பொதியச் சொல்வது?"

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். கொண்டுவரக் கூடாது. கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது, கூரியரில் வேறு பெயர் எழுதியும் கூடாது. முட்டையை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது உங்கள் மாமன் மகனின் நம்பிக்கை மட்டுமே. 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம் 2001-இல் திருத்தப்பட்டபோது, கால்நடைப் பொருள்கள் என்ற பட்டியலில் இறைச்சி, பால் ஆகியவற்றோடு முட்டையும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது. மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை வழங்கும் சுகாதார இறக்குமதி அனுமதி முன்கூட்டியே கையில் இல்லாமல் அவை நாட்டுக்குள் வர முடியாது. கோழியினமும் அதன் அடைமுட்டையும் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கும் நுழைவிடங்கள் வழியாகத்தான் வர வேண்டும். தென்னிந்தியாவில் அந்த நிலையங்கள் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஊர்களில் இருக்கின்றன. சென்னை நிலையம் பள்ளிக்கரணையில் உள்ளது. திருச்சியில் அப்படியொரு நிலையம் இல்லை. ஆகவே அவர் எல்லா ஆவணங்களும் வைத்திருந்தாலும்கூட திருச்சி விமானத்தில் அந்த முட்டைகளைக் கொண்டுவர இயலாது. சுங்கத்தில் அறிவிக்காமல் கொண்டுவந்து பிடிபட்டால், 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி முட்டைகள் பறிமுதலாகும், அபராதமும் உண்டு. வருடம் தவறாமல் ஊருக்கு வந்துபோகிற ஒருவர் தன் பெயரை அப்படியொரு பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை.

ஆனால் சட்டத்தைச் சொல்லி நிறுத்திக்கொண்டால், "யாருக்கும் கெடுதல் இல்லாத இரண்டு டஜன் முட்டைக்கு இத்தனை கெடுபிடியா" என்ற எண்ணம் உங்களுக்குப் போகாது. உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியில், உங்களுக்குத் தெரியாமலேயே, அதற்கான பதிலும் இருக்கிறது.

ஒரு முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்து அது ஆரோக்கியமானதா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஓடு சுத்தமாக இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, உள்ளே மழுங்கிய முனையில் இருக்கும் காற்றறை இடம் மாறாமல் இருக்கிறதா என்று வேண்டுமானால் சொல்லலாம். நோய் இருக்கிறதா என்பது அதை இட்ட தாய்க்கோழியைப் பொறுத்தது. அந்தத் தாய்க்கோழியின் நிலை, அதோடு ஒரே கொட்டகையில் இருக்கும் மற்றக் கோழிகளைப் பொறுத்தது. ஆகவே நாடுவிட்டு நாடு போகும் அடைமுட்டையோடு வரும் சான்றிதழ் எதுவானாலும், அதில் எழுதியிருப்பது பெரும்பாலும் முட்டையைப் பற்றி இருக்காது. இன்ன பண்ணையின் தாய்க்கோழிக் கூட்டம் இத்தனை காலமாகக் கண்காணிப்பில் இருக்கிறது, இன்னின்ன நோய்களுக்குச் சோதிக்கப்பட்டு இல்லை என்று தெரிந்தது, அந்தப் பகுதியில் பறவைக் காய்ச்சல் இல்லை என்பதைத்தான் அரசாங்க மருத்துவர் கையெழுத்திட்டுச் சொல்கிறார். கிள்ளான்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருடைய கொல்லைப்புறக் கோழிகளைப் பற்றி அப்படி எழுதித்தர எந்த மருத்துவரிடமும் பின்னணிப் பதிவு இருக்காது. பதிவு இல்லாதபோது, விமான நிலையத்தில் செய்யக்கூடிய எந்தச் சோதனையும் அந்த இடத்தை நிரப்பாது.

முட்டைக்குள் நோய் வருமா என்று நீங்கள் கேட்கலாம். வரும், இரண்டு வழிகளில். ஒன்று, முட்டையின் மஞ்சள் கரு உருவாகும் தாயின் சூலகத்திலேயே கருவோடு சேர்ந்து வருவது. சால்மோனெல்லா புல்லோரம் என்ற கிருமி அந்த வகை. நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லித் தடுப்பூசி போடும் ராணிக்கெட் நோய் வேறு, இது வேறு. புல்லோரம் வந்த குஞ்சுகள் முதல் இரண்டு மூன்று வாரங்களில் ஒவ்வொன்றாகக் குறுகி நின்று, ஆசனவாயில் சுண்ணாம்பு பூசியதுபோல ஒட்டிக்கொண்டு சாகும். பிழைத்தவை பார்வைக்கு நன்றாகவே வளர்ந்து பெட்டையாகி முட்டையிடும், அந்த முட்டைகளிலும் கிருமி இருக்கும். மூச்சு நோய் தரும் மைக்கோபிளாஸ்மா, கட்டிகளை உண்டாக்கும் கோழி லூக்கோசிஸ் வைரஸ், தலைநடுக்க நோய் ஆகியவையும் இப்படித் தாய்வழி வரக்கூடியவை. மைக்கோபிளாஸ்மா வந்த அழகுக் கோழி இரண்டு நாள் தும்மிவிட்டுத் தேறிவிடும். அதே கிருமி ஒரு பிராய்லர் தாய்க்கோழிப் பண்ணைக்குள் போனால் அந்தப் பண்ணையின் ஆண்டுக் கணக்கே மாறிப்போகும்.

இரண்டாவது வழி, ஓட்டின் மேல் எச்சத்தோடு ஒட்டி வருவது. ஒரு கோழிமுட்டை ஓட்டில் பல ஆயிரம் நுண்துளைகள் உண்டு. ஈரம் பட்டால் மேலே இருப்பது உள்ளே இறங்கும். வீரியமான பறவைக் காய்ச்சல் கண்ட பெட்டை, சாவதற்கு முன் இடும் முட்டையின் ஓட்டிலும் உள்ளேயும் வைரஸ் இருப்பது சோதனைகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட முட்டையில் கரு பெரும்பாலும் பொரியும் முன்பே செத்துவிடும், அதனால் ஆபத்து இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த முட்டை இன்குபேட்டருக்குள் வெடித்தாலோ, நீங்கள் அதை உடைத்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு தீவனத் தொட்டியைத் தொட்டாலோ, அங்கிருந்து பரவும்.

செராமாவின் பிறந்த ஊரிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. உலகத்தின் மிகச் சிறிய கோழியினம் என்று சொல்லப்படும் செராமா, மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் உருவாக்கப்பட்டது. 2004 ஆகஸ்டில் அதே கிளந்தானில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய தும்பாட் பகுதியில், மலேசியாவின் முதல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. எல்லை தாண்டிக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்த சண்டைச் சேவல்கள் வழியாக அது நுழைந்ததாக அப்போது சொல்லப்பட்டது. கட்டுப்படுத்துவதற்காகச் சுற்றுவட்டாரத்துக் கோழிகள் அழிக்கப்பட்டபோது, ஆசையாகப் பெருக்கி வைத்திருந்த செராமாக்களும் ஏராளமாக அதில் போயின. சேவலைக் கொண்டுவந்தவரும் நம்மைப் போல ஆசைக்காகத்தான் கொண்டுவந்திருப்பார்.

உங்கள் தோட்டம் இருக்கும் இடத்தையும் நினைத்துப் பாருங்கள். பல்லடம், உடுமலை, பொங்கலூர் என்று நாட்டின் பெரிய பிராய்லர் பகுதி உங்கள் வீட்டு வாசலிலிருந்துதான் தொடங்குகிறது. நம் நாட்டின் பறவைக் காய்ச்சல் செயல்திட்டப்படி, நோய் உறுதியான இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவு தொற்றுப் பகுதி, அங்கே உள்ள கோழிகள் அழிக்கப்படும். அதற்கு அப்பால் 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி. ஒப்பந்த முறையில் கோழி வளர்த்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் இதில் எந்தத் தவறும் செய்யாமலே வருமானத்தை இழப்பார். 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாக அந்த நோய் கண்டபோதும், பின்னர் ஆலப்புழை, கோட்டயம் பகுதி வாத்துகளில் வந்தபோதும், கோழி விலை நோய் இல்லாத நம் மாவட்டங்களிலும் விழுந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நாமக்கல் முட்டை பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அங்கிருந்து போவது கருக்கூடாத, சாப்பிடுவதற்கான முட்டை. அதற்கே வாங்கும் நாடு அனுமதித்த பண்ணைகள், இடைவிடாத ரத்தப் பரிசோதனை, ஒவ்வொரு சரக்குக்கும் கால்நடைச் சான்று என்று ஒரு பெரிய ஏற்பாடு பின்னால் இருக்கிறது. 2023-இல் மகாராஷ்டிரம், தமிழ்நாடு, உத்தரப்பிரதேசம், சத்தீஸ்கர் ஆகிய மாநிலங்களில் உள்ள 26 கோழிப்பண்ணை வளாகங்கள் பறவைக் காய்ச்சல் அற்றவை என்று இந்தியா அறிவித்ததை உலக விலங்கு சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்டது. சுற்றியிருக்கும் ஊரில் நோய் வந்தாலும், தனி வேலி, தனி ஆள், தனித் தீவனம் என்று அடைத்து நடத்தப்படும் ஒரு பண்ணையை மட்டும் நம்பலாம் என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள். எங்கே சுற்றினாலும் கேள்வி முட்டையிலிருந்து தாய்க்கோழிக் கூட்டத்துக்கே வந்து சேருகிறது.

இந்தியாவும் இதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். பறவைக் காய்ச்சல் எங்கோ ஒரு மூலையில் வந்தாலும், அது வீரியம் குறைந்த வகையாகவே இருந்தாலும், அந்த நாடு முழுவதிலிருந்தும் கோழிப் பொருள்களையும் அடைமுட்டையையும் நாம் தடுத்துவந்தோம். அமெரிக்கா உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்து, 2015 ஜூனில் மேல்முறையீட்டிலும் வென்றது. நோய் வந்த பகுதியையும் வராத பகுதியையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அதன்பிறகு நம் விதிகள் திருத்தப்பட்டன. ஒரு நாட்டில் நோய் இருக்கிறதா என்ற கேள்வியோடு, எந்தப் பகுதியில், எந்தப் பண்ணையில் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. வணிக நோக்கில் பார்த்தால் நமக்கு எதிரான தீர்ப்புதான். என் கணிப்பில், நோயியல்படி அது சரியான தீர்ப்பு.

முறையான வழி என்னவென்று கேட்டீர்கள். வழி இருக்கிறது, ஆனால் அது இரண்டு டஜனுக்காகப் போடப்பட்ட வழி அல்ல. முதலில் மத்திய கால்நடை பராமரிப்புத் துறைக்கு, எந்த நாடு, எந்தப் பண்ணை, என்ன இனம், எத்தனை முட்டை, எந்த நுழைவிடம், இங்கே எங்கே வைத்து அடைகாக்கப்போகிறீர்கள் என்ற விவரங்களோடு சுகாதார இறக்குமதி அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். துறை நோய் அபாயத்தை மதிப்பிட்டு, அனுமதி தருவதாக இருந்தால், ஏற்றுமதி நாட்டின் கால்நடைத் துறை எந்தெந்த நோய்கள் இல்லையென்று எழுதித்தர வேண்டும் என்பதைப் பட்டியலிட்டுத் தரும். அந்தச் சான்றை அங்குள்ள அரசு மருத்துவர் அதே வாசகங்களோடு தர வேண்டும். இந்த அனுமதி சுகாதாரத்துக்கு மட்டுமே. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் தேவைப்படும் பொருளானால் அதையும் தனியாக வாங்க வேண்டும். சரக்கு இறங்கியதும் தனிமைப்படுத்தல் அதிகாரி பார்ப்பார். ஆவணத்தில் ஒரு வரி பொருந்தாவிட்டாலும் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ அவருக்கு அதிகாரம் உண்டு, அதற்கான செலவு உங்கள் தலையில்தான் விழும். பாட்டிக்கோழி எனப்படும் மூலத் தலைமுறைக் கோழிகளை வரவழைக்கும் பெரிய நிறுவனங்கள் இந்த வழியில் வருகின்றன. அவர்களிடம் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் சிறு வளர்ப்போர் அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குச் சின்னப் பெட்டியில் அடைமுட்டை அனுப்புவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அங்கேயும் அனுமதியும் மருத்துவச் சான்றும் வேண்டும். ஆனால் அது சிறியவர்களுக்கும் எட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் 1935 முதல் தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. அது புல்லோரத்தை ஒழிப்பதற்காகவே தொடங்கப்பட்டது. வீட்டுக் கொல்லையில் சில கோழி வைத்திருப்பவரும் அதில் சேர்ந்து, தன் கோழிகளை ரத்தப் பரிசோதனை செய்து, பங்கேற்பு எண் வாங்கிக்கொள்ளலாம். நம் ஊரில் கொல்லைப்புற வளர்ப்போருக்கு அப்படியொரு திட்டம் இல்லை. இருந்திருந்தால் மாநிலத்துக்குள்ளேயே நடக்கும் அடைமுட்டை வியாபாரமாவது ஒழுங்காக இருந்திருக்கும்.

இனி உங்கள் 14 முட்டைகளுக்கு வருகிறேன். உண்மையில் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான்.

வளராத 6 முட்டைகளை உடைத்துப் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கருவே கூடாத முட்டை ஒன்று. கரு கூடி, சூடு பட்டுப் பட்டு, இன்குபேட்டருக்கு வருமுன்பே செத்த முட்டை வேறொன்று. டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெளிவாகத் தெரியும். உடைத்தால் மஞ்சள் கருவின் மேலுள்ள வெண்புள்ளி வேறுபாட்டைக் காட்டும். கருக்கூடாததில் அது சிறிய, ஒழுங்கற்ற பொட்டு. கருக்கூடியதில் வட்டமாக, வளையத்தோடு இருக்கும். இட்ட முட்டைக்குள்ளேயே பல ஆயிரம் உயிரணுக்கள் கொண்ட கரு ஏற்கெனவே இருக்கிறது. ஏறத்தாழ 21 டிகிரிக்குக் கீழே அது உறங்கிக்கிடக்கும், அதற்கு மேலே போனால் அரைகுறையாக வளரத் தொடங்கும். அதனால்தான் அடைமுட்டையை 15 முதல் 18 டிகிரியில், நல்ல ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறோம். பஸ்ஸின் அடியில் உள்ள சாமான் அறையில் பகல் வெயிலில் என்ன சூடு இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அங்கே கண் விழித்து, இரவில் குளிர்ந்து, மறுபடி விழித்த கரு, இன்குபேட்டரில் வைத்த சில நாளிலேயே செத்துப்போகும். உங்கள் மூன்று ரத்த வளையங்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கு. முட்டையின் வயதும் சேர்ந்திருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் போன முட்டையில் ஒவ்வொரு நாளுக்கும் பொரிப்பு குறைந்துகொண்டே வரும். விற்றவர் எப்போது இட்டது என்று சொல்லியிருக்க மாட்டார்.

ஓட்டுக்குள் முழு வளர்ச்சியோடு செத்த நான்கும் வேறு கதை. குலுங்கி வந்த முட்டையை இருட்டறையில் டார்ச் மேல் மழுங்கிய முனை மேலாகப் பிடித்து, மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நல்ல முட்டையில் காற்றறையின் விளிம்பு அசையாமல் நிற்கும். குலுங்கிய முட்டையில் அந்த நிழல்கோடு முட்டை சாயும் பக்கத்துக்கெல்லாம் வழுக்கிக்கொண்டு போகும், சிலவற்றில் குதிரைச் சேணம்போல இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும். அதை அன்று மாலையே கிடத்தி வைத்து, இயந்திரம் உருட்டத் தொடங்கினால், காற்றறை பழைய இடத்தில் ஒட்டாது, கடைசியில் குஞ்சு மூச்சுக்காக மூக்கு நீட்டும் இடத்தில் காற்று இருக்காது. பயணம் வந்த முட்டையை மழுங்கிய முனை மேலே இருக்குமாறு அட்டைத் தட்டில் நிறுத்தி, விசிறிக் காற்று நேரே படாத அறையில் 24 மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். காற்றறை ஆடுகிற முட்டைகளை இன்குபேட்டரிலும் நிறுத்தியே வைத்து, முதல் இரண்டு மூன்று நாள் திருப்பாமல், பிறகு மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துத் திருப்புவதே என் ஆலோசனை. குளிர்ந்த பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை உடனே புழுக்கமான அறையில் திறக்கவும் கூடாது. ஓட்டின் மேல் வியர்த்து, நான் முன்பே சொன்ன நுண்துளைகள் வழியே அழுக்கு உள்ளே இறங்கிவிடும். பெட்டியை மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள்.

செராமா முட்டை சிறியது என்பதையும் உங்கள் இயந்திரம் கணக்கில் எடுத்திருக்காது. சிறிய முட்டை விரைவில் உலரும். நாட்டுக்கோழி முட்டைக்குச் சரியாக இருக்கும் ஈரப்பதம் இதற்குப் போதாமல், சவ்வு காய்ந்து குஞ்சைப் பிடித்துக்கொள்ளும். வைக்கும்போதும் ஒரு வாரம் கழித்தும் எடை போட்டுப் பாருங்கள். பொரிப்பை நெருங்கும்போது மொத்தம் 12 முதல் 14 சதவீதம் குறைந்திருக்க வேண்டும், அதற்குமேல் குறைந்தால் தண்ணீர்த் தட்டைப் பெரிதாக்க வேண்டும். 21 நாளுக்கு ஓரிரு நாள் முன்பே செராமா பொரிந்துவிடும் என்பதால் திருப்புவதையும் முன்னதாகவே நிறுத்த வேண்டும். இந்த இனத்தின் சில வழிகளில் ஜப்பானிய பாண்டம் கோழியின் குட்டைக்கால் மரபணு உண்டு. இரண்டு குட்டைக்கால் பெற்றோரைச் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு கரு ஓட்டுக்குள்ளேயே சாகும், அதற்கு இன்குபேட்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மேலும் செராமா அளவில் நிலையாக வராது. பரிசு வாங்கிய தாய் தந்தைக்கும் சற்றுப் பெரிய குஞ்சுகள் பிறக்கும். கிள்ளானில் நீங்கள் படத்தில் பார்த்த கோழி அந்த முட்டைக்குள் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விமானத்தில் மோசமாகுமா என்று கேட்டீர்கள். கோலாலம்பூரிலிருந்து வரும் சில மணி நேரப் பயணம் முட்டையைக் கெடுக்காது. எக்ஸ்ரே இயந்திரத்தைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். அந்தச் சோதனையில் படும் கதிரின் அளவு மிகச் சிறியது, அதைவிடச் சுமை ஏற்றி இறக்குவோர் கையும் வெயிலில் நிற்கும் தள்ளுவண்டியும்தான் முட்டைக்கு எதிரி. ஆனால் நான் மேலே சொன்னதையெல்லாம் உள்நாட்டில் வாங்கும் முட்டைக்குப் பயன்படுத்துங்கள்.

அந்த ஒரே குஞ்சுதான் என்னை உறுத்துகிறது. நான்காம் நாள், ஆசனவாயில் வெள்ளையாக ஒட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். குளிர் தாக்கினாலும் அப்படி ஆகலாம். ஆனால் எங்கிருந்து வந்ததென்று தெரியாத முட்டையில் பொரிந்த குஞ்சு அப்படிச் செத்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது புல்லோரம். அந்தக் குஞ்சை நீங்கள் புதைத்துவிட்டிருப்பீர்கள். அடுத்த முறை புதைக்காமல், பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஐஸ் வைத்து, அன்றே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உங்கள் மாவட்ட நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ கொண்டுபோங்கள். அந்த இன்குபேட்டரில் அதே நேரத்தில் உங்கள் நாட்டுக்கோழி முட்டைகளும் இருந்தனவா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால், அந்தக் குஞ்சுகள் பருவத்துக்கு வந்ததும் கால்நடை மருத்துவரை அழைத்துத் தட்டுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். இறக்கை நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், கண்ணாடித் தட்டில் ஆன்டிஜன் எனப்படும் ஊதா நிறச் சோதனைத் திரவம் ஒரு சொட்டு, இரண்டையும் கலந்து தட்டை மெல்ல ஆட்டுவார். இரண்டு நிமிடத்துக்குள் திரிதிரியாகத் திரண்டால் அந்தக் கோழி கிருமியைச் சுமக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதை முட்டைக்கு வைக்காமல் விலக்க வேண்டும். மருந்து கொடுத்தால் சாவு குறையும், சுமப்பது நிற்காது.

செராமா ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. இந்தியாவிலேயே இப்போது அந்த இனத்தை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எவர் தாய்க்கோழிகளைச் சோதித்து வைத்திருக்கிறார், எவர் முட்டையில் இட்ட தேதியைப் பென்சிலால் எழுதித் தருகிறார், எவர் தன் கொட்டகையைப் பார்க்க அனுமதிக்கிறார் என்று கேட்டு வாங்குங்கள். 'நேரடி இறக்குமதி' என்று சொல்லி விற்பவரிடம் சுகாதார இறக்குமதி அனுமதியின் நகலைக் கேளுங்கள். கொடுக்க முடியாதவரிடம் வாங்காதீர்கள். முடிந்தால் முட்டையாக வாங்காமல், வளர்ந்த ஒரு சோடியை வாங்கி, உங்கள் கூட்டத்திலிருந்து தள்ளித் தனிக் கூண்டில் குறைந்தது ஒரு மாதம் வைத்து, சோதித்த பிறகு சேருங்கள். நடுவில் அந்தக் கூண்டுக்குத் தனித் தீவனத் தட்டும் தனிச் செருப்பும் வேண்டும், அதைக் கடைசியாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னதாக, இன்குபேட்டரை இந்த வாரமே வெளியே எடுத்து, இறகுத் தூசியையும் ஓட்டுச் சிதறலையும் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, காய்ந்த பிறகு கிருமிநாசினி போட்டுத் துடைத்து, நல்ல வெயிலில் வையுங்கள். மின் பகுதிகளில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுக்கின் மேல் ஊற்றிய கிருமிநாசினி வேலை செய்யாது. முட்டைத் தட்டுகள் அட்டையில் செய்தவையானால் எரித்துவிடுங்கள். இன்னும் எங்காவது பொரியாத முட்டை கிடந்தால் நாய்க்குப் போடாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். உங்கள் மாமன் மகனிடம் இன்றே பேசி, முட்டைக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.